விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர்ல பாட்டு நீளமாம்!

கர்நாடக இசையையும் புரோகிரசிவ் ரொக்கையும் சேர்த்து வாசிக்கிற பெங்களூர்க் குழு ‘அகம்’. அவங்கட ‘எ ட்ரீம் டு ரிமெம்பர்’ (2017) தொகுப்பை எங்கட அறையில போட்டால் உடனே சண்டைதான். சங்கீதம் படிக்கிற ஆக்களுக்கு, தியாகராஜரின் நளினகாந்திக் கிருதிக்குள்ள டிரம்ஸ் எதுக்கு என்ற கோபம். மெட்டல் கேட்கிற பொடியன்மாருக்கு கமகம் வந்தாலே அது பஜனை.

இவங்களோட மல்லுக்கட்டலாம். 1960களில பேராதனையில வித்தியானந்தன் கூத்தை மேடைக்குச் சுருக்கினாரே, அது கூத்தா இல்லையா என்ற வாக்குவாதம் மட்டக்களப்பில இன்னும் ஓயல்ல. அந்தச் சண்டையாவது கேட்டுப்போட்டு, பார்த்துப்போட்டுப் பிடிக்கிற சண்டை.

எங்களுக்கு எரிச்சல் மூன்றாவது கட்சியில. “நல்லாத்தான் இருக்கு மச்சான், ஆனா நீளம்.” வடமோடியில ஒரு ராசா களரிக்கு வந்து வரவு ஆடி முடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் என்று அம்மம்மாட்டக் கேளுங்க. வாவிக்கரை ஊர்கள்ல பாய் விரிச்சு விடியுமட்டும் இருந்த சனம் அது. மறுகா நாம எப்படி இப்படி ஆனோம்?

தொகுப்பில குறை இல்லாம இல்ல. பல இடத்தில ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடி முடியுமட்டும் கிட்டார் கைகட்டி நிக்குது. ஆனா அதைச் சொல்லவும் கடைசிவரை கேட்கணும். இனி யாரும் ‘நீளம்’ என்றால், எத்தனையாவது நிமிசத்தில நிப்பாட்டினாய் என்றுதான் கேட்கப்போறம்.