அமைச்சரே, ஒருமுறை தரமணிக்கு வந்துட்டுப் பேசுங்க!

ஏப்ரல் 3, 2025. டெல்லி பாரத் மண்டபத்தில் 'ஸ்டார்ட்அப் மகாகும்ப்' மேடை. ஒன்றிய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் நம்ம நாட்டு இளைஞர்களுக்கு ஒரு பாடம் எடுத்தார். சீனாக்காரன் மின்வாகனம், பேட்டரி, சிப், செயற்கை நுண்ணறிவுன்னு போறானாம். நம்ம பசங்க சாப்பாடு டெலிவரி ஆப்பும் ஐஸ்கிரீமும் போட்டுக்கிட்டு இருக்காங்களாம். டெலிவரி பையன்களாகவே இருந்துட்டா போதுமாங்கிறதுதான் அவர் பேச்சின் சாரம்.

கேள்வி தப்பில்லை. கேட்ட இடம்தான் தப்பு. இந்தக் கேள்வியை அவர் தன்னோட அமைச்சரவைக் கூட்டத்துல கேட்டிருக்கணும்.

அடையாறு மத்திய கைலாஷ் தாண்டி தரமணி பக்கம் போங்க. ஐஐடி ஆராய்ச்சிப் பூங்கா இருக்கு. அங்கே வளர்ந்த கம்பெனிதான் அக்னிகுல் காஸ்மாஸ். 2017-ல் ஆரம்பிச்சவங்க ஸ்ரீநாத் ரவிச்சந்திரனும் மொயின் எஸ்.பி.எம்.மும். கூட நின்னவர் ஐஐடி பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. ஸ்ரீநாத் படிச்சது எங்கேன்னு நினைக்கிறீங்க? நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில்!

2024 மே 30, காலை 7.15 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இவங்களோட சொந்த ஏவுதளத்திலிருந்து இவங்க ராக்கெட் கிளம்புச்சு. ஒரே துண்டாக 3டி அச்சில் வார்த்த எஞ்சின். அப்படி ஒரு எஞ்சினோட பறந்த உலகின் முதல் ராக்கெட் அதுதான்.

டெலிவரி ஆப்பா இது, அமைச்சரே?

இப்போ பணக் கணக்குக்கு வருவோம். 2017-ல் தொடக்கம், 2024-ல் முதல் பறப்பு. நடுவுல ஏழு வருஷம். அதுக்கு முன்னாடி நாலு முறை ஏவுதலைத் தள்ளிவெச்சு, அஞ்சாவது முயற்சியில்தான் பறந்துச்சு. சுமார் 200 கோடி ரூபாய் பெரிய முதலீடு வந்தது 2023 அக்டோபரில். அதாவது ஆறு வருஷம் கழிச்சு. விண்வெளித் துறைக்குன்னு 1,000 கோடி ரூபாய் முதலீட்டு நிதிக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். ராக்கெட் பறந்து அஞ்சு மாசம் ஆன பிறகு! நிதி வந்தது நல்லது, வரவேற்கிறோம். ஆனா தாமதமா வந்தவர் மத்தவங்களைப் பார்த்து ஏன் லேட்டுன்னு அதட்டக் கூடாது.

தனியார் முதலீட்டாளர் ஏன் சாப்பாட்டு ஆப்புக்கு ஓடுறார், ராக்கெட்டுக்குத் தயங்குறார்? ஆப்பில் போட்ட பணம் என்ன ஆச்சுன்னு ரெண்டு வருஷத்துல தெரிஞ்சிடும். ராக்கெட்டில் ஏழு வருஷம் வெறும் செலவுதான். அந்த முதல் ஏழு வருஷத்தைத் தாங்க அரசாங்கத்தால் மட்டும்தான் முடியும்.

அமெரிக்காவைப் பாருங்க. எலான் மஸ்க் தனியாளா சாதிச்சார்னு கதை சொல்வாங்க. ஸ்பேஸ்எக்ஸோட முதல் மூணு ராக்கெட்டும் தோத்துச்சு. 2006-லேயே கைகொடுத்து, 2008 டிசம்பரில் 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து நிமிர்த்தினது நாசா. அதாவது அந்த நாட்டு மக்களோட வரிப்பணம்.

இங்கே? ஆராய்ச்சிக்கு நம்ம நாடு செலவு செய்வது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். இது ஒன்றிய அரசோட ஆவணங்களே சொல்ற கணக்கு. சீனா 2.4 சதவீதத்துக்கு மேல். தென்கொரியா கிட்டத்தட்ட 5. விதைநெல்லைக் கொடுக்காதவர் விளைச்சல் எங்கேன்னு கேட்கிறார்!

"ஐஐடியும் இஸ்ரோவும் ஒன்றிய அரசோடதுதானே?"ன்னு சங்கிகள் கிளம்பி வருவாங்க. சரியான பாயிண்ட். அதைத்தான் நாமும் சொல்றோம்: மக்கள் பணத்தில் கட்டின நிறுவனங்கள்தான் இந்த ராக்கெட்டைப் பறக்கவிட்டது, மேடைப் பேச்சு இல்லை. 1959-ல் தொடங்கின அந்த ஐஐடிக்கு இடம் கொடுத்தது நம்ம மாநிலம். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் எழுப்பினது தலைவர் கலைஞர்.

நம்ம வேர் இன்னும் ஆழம். தி.நகர்னு தினமும் சொல்றோமே, அது நீதிக்கட்சியைத் தொடங்கினவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் பேர். அவர் மாநகராட்சித் தலைவரா இருந்தப்போ 1920-ல் ஆயிரம் விளக்கு பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டாங்க. இன்னிக்கு இதைத்தான் 'இலவசம்'னு நக்கல் பண்றாங்க. பசியோட இருக்கிற பிள்ளை வகுப்புக்கு வராது. வகுப்புக்கு வராத பிள்ளை எஞ்சின் வடிவமைக்காது. புதுத் தொழிலின் முதல் முதலீடு அந்தத் தட்டுச் சோறுதான்.

அடுத்த கேள்வி: யாருக்குப் பணம் கிடைக்குது? மயிலாப்பூர் பெரிய வீட்டுப் பையனுக்கு யோசனை வந்தா, முதல் பத்து லட்சம் அப்பாவோட சிநேகிதர்கள்கிட்டேயே கிடைச்சிடும். பெசன்ட் நகர் பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர் வீட்டுப் பொண்ணுக்கு அதே யோசனை வந்தா? பேங்க் மேனேஜர் அடமானம் கேட்பார். அங்கேதான் அரசு நிக்கணும்.

நம்ம அரசு நின்னுச்சு. ஸ்டார்ட்அப் டிஎன் வழியா டான்சீட் ஆதார நிதி 10 லட்சம். பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்களுக்கு 15 லட்சம். பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தனி நிதி: 2022-23-ல் 30 கோடி, அடுத்த ஆண்டே 50 கோடி. 2025 ஏப்ரலில் விண்வெளித் தொழில் கொள்கைக்கும் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சமூகநீதி இட ஒதுக்கீட்டோட நிக்காது, முதலீட்டுக்கும் வரணும். இதுதான் திராவிட மாடல்.

கடைசியா அந்த 'டெலிவரி பையன்' பேச்சு. பாண்டி பஜார் வெயிலில் ஹெல்மெட்டோட நிக்கிறானே, அவன் நம்ம வீட்டுப் பிள்ளை. அவன் உழைப்பு கேவலம் இல்லை. அவனுக்குப் பாதுகாப்பு இல்லாததுதான் கேவலம். அதனால்தான் 2023 டிசம்பரில் நம்ம அரசு கிக் தொழிலாளர் நல வாரியம் அமைச்சது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிச்சது. ராக்கெட் விடுறவனும் நம்ம ஆளுதான், சாப்பாடு கொண்டு வர்றவனும் நம்ம ஆளுதான்.

உடன்பிறப்புகளே, ரெண்டு வேலை இருக்கு.

ஒன்று: உங்க தெருவில் யோசனை இருக்கிற பிள்ளையை, முக்கியமா குடும்பத்துல முதல் பட்டதாரியைத் தேடிப் பிடிங்க. டான்சீட்னு ஒன்னு இருக்குன்னு சொல்லுங்க. விண்ணப்பம் போட உட்கார்ந்து உதவுங்க. திட்டம் ஆளைப் போய்ச் சேர்ந்தாத்தான் திட்டம்.

இரண்டு: கோயல் பேச்சை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினா திருப்பிக் கேளுங்க: "0.64 எப்போ 2 ஆகும்?"

பதில் வரட்டும். அதுவரைக்கும் பாடம் வேண்டாம்.

#பூஜ்யம்_புள்ளி_அறுபத்து_நாலு
#தரமணிக்கு_வாங்க
#திராவிட_மாடல்