‘வரை’ என்னும் சொல்லின் விலை

எங்கள் தெருவின் மின்கம்பத்தில் ஒட்டப்பட்டுள்ள விளம்பரத் தாளில் மூன்று செய்திகள் உள்ளன: மாதக் கட்டணம், ஒரு கைபேசி எண், ‘100 மெகாபிட் வரை வேகம்’ என்னும் தொடர். முதல் இரண்டும் உறுதியானவை. மூன்றாவது அத்தகையதன்று. ‘வரை’ என்னும் சொல்லுருபு மேல் எல்லையை மட்டுமே குறிக்கும். கீழ் எல்லையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தெலுங்கில் ‘வரகு’ என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. திருப்பதியில் இரு மொழிகளிலும் விளம்பரம் படிக்கும் எவரும், இலக்கணப்படி 2 மெகாபிட்டும் ‘100 வரை’க்குள் அடங்கும் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 100 என்றே கொள்கிறோம். கேட்பவர் உச்சத்தை அளவாக எடுத்துக்கொள்வார் என்பது பேசுபவருக்கும் தெரியும். மொழியியல் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சந்தையில் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதே இப்பதிவின் பொருள்.

நான் ஆய்வது சித்தூர், திருப்பதி வட்டார எல்லைத் தமிழ். 1960 ஏப்ரலில் மாநில எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஆந்திரத்தில் இருக்கின்றன. அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்து, எழுத்துப்படி எடுத்து, நெறியாளருக்கும் ஆவணக் களஞ்சியத்துக்கும் அனுப்புவது என் அன்றாட வேலை. ஆவணத் தரத்தில், அதாவது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்களில், ஒரு மணி நேர ஒலிப்பதிவு ஏறத்தாழ 1 ஜிகாபைட் வரும். பதிவேற்ற வேகம் 20 மெகாபிட்டாக இருந்தால் இதனை ஏழு நிமிடத்தில் அனுப்பலாம். 1 மெகாபிட்டாக இருந்தால் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேலாகும், அதுவும் நடுவில் ஒருமுறையேனும் அறுபடாமல் இருந்தால். மாத இறுதியில், தரவு வரம்பு தீர்ந்த நிலையில், எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வேகமே.

சென்ற மழைக்காலத்தில் என் அறையின் இணைப்பு ஒன்பது நாள்கள் இல்லை. மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தது. கேபிள்காரர் “நாளைக்கு” என்றார். ஒவ்வொரு நாளும் அதையே சொன்னார். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றால், வீட்டு உரிமையாளர் அந்தக் கட்டடத்துக்குள் ஒரே ஒரு நிறுவனத்தின் கம்பியைத்தான் அனுமதித்திருக்கிறார். ஒன்பது நாளுக்கும் சேர்த்தே கட்டணம் செலுத்தினேன். இது என் தனிக்குறை என்று விட்டிருப்பேன். ஆய்வுக்கூடத்தில் கேட்டபோது, வாடகை அறையில் தங்கியிருந்த ஏறக்குறைய ஒவ்வொருவரிடமும் இதே கதை இருந்தது.

இத்தனைக்கும் இந்த மாநிலம்தான் வீட்டுக்கு வீடு கண்ணாடியிழை என்னும் கனவை முன்னோடியாகக் கண்டது. 2015இல் ஆந்திர மாநில ஃபைபர்நெட் நிறுவனம் தொடங்கப்பட்டது. மண்ணைத் தோண்டிப் புதைக்காமல், ஏற்கெனவே நிற்கும் மின்கம்பங்களின்மீது ஏறத்தாழ 24,000 கிலோமீட்டர் இழையை இழுக்கத் திட்டமிட்டார்கள். இதற்கான மதிப்பீடு ஏறத்தாழ 330 கோடி ரூபாய். புதைத்திருந்தால் பல ஆயிரம் கோடி ஆகியிருக்கும். 2017 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மாதம் 149 ரூபாய்க்கு 15 மெகாபிட் இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி மூன்றும் என்று அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க் கேபிள்காரர்கள் வழியாகவே இணைப்பு வழங்கப்பட்டது.

அந்தத் திட்டத்தின் அடிப்படை எண்ணம் சரியானது என்றே கருதுகிறேன். மின்கம்பம் பொதுச் சொத்து. அதன்மேல் பொது இழை ஓடுவதில் நியாயம் உண்டு. பிழை விலையில் இருந்தது. 149 என்பது செலவிலிருந்து பெறப்பட்ட எண்ணாக இல்லை, மேடையில் அறிவிக்க ஏற்ற எண்ணாக இருந்தது. அதற்குள் குறிப்பிட்ட தரவு அளவைக் கடந்தால் வேகம் குறையும் என்ற நிபந்தனை இருந்தது. வீட்டில் வைக்கும் பெட்டியின் விலை தனி. கம்பத்தின்மீது செல்லும் கம்பி மலிவுதான். ஆனால் காற்றுக்கும் மழைக்கும் முதலில் அறுவதும் அதுவே. 2021 நவம்பர் வெள்ளத்தைத் திருப்பதியில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இழையை இழுக்கும் செலவு ஒருமுறை வரும். பழுது பார்க்கும் செலவு ஒவ்வொரு மழைக்கும் வரும். அந்தச் செலவை 149இல் எழுதி வைக்க யாரும் நினைக்கவில்லை. பின்னர் அந்த விலை நிலைக்கவில்லை. ஆட்சிகள் மாறின, ஒப்பந்தம் குறித்து வழக்கு வந்தது.

தனியார் சந்தை இதனைச் சரிசெய்துவிட்டதா? நகரங்களில் ஓரளவு ஆம். ஜியோ ஃபைபர் 2019 செப்டம்பரில் 699 ரூபாயில் தொடங்கி, மறு ஆண்டே 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் என இறங்கியது. பதிவேற்றத்துக்கும் அதே 30 என்று அறிவித்தது. 18 விழுக்காடு வரி சேர்த்தால் 399 என்பது ஏறத்தாழ 471 ஆகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் போட்டி, வீடுகள் நெருங்கியிருக்கும் தெருக்களுக்குத்தான் வருகிறது. ஒரு கிலோமீட்டர் இழைக்கு எத்தனை வாடிக்கையாளர் என்பதே கணக்கு. சத்தியவேட்டுக்கு அப்பால் உள்ள சிற்றூரில் அந்தக் கணக்கு தேறுவதில்லை.

மைய அரசின் பாரத்நெட் திட்டம் 2011 அக்டோபரில் வேறு பெயரில் ஒப்புதல் பெற்றது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்தி விரிவாக்கப்பட்டது. அதன் முதல் இலக்கு ஊராட்சி வரை இழை. இங்கும் அதே ‘வரை’தான். ஊராட்சி அலுவலகத்துக்கும் மாணவியின் வீட்டுக்கும் இடையிலுள்ள கடைசி 500 மீட்டரைத் தாண்டுவது கடினம்.

“கைபேசித் தரவு மலிவாக இருக்கிறதே, வீட்டு இணைப்பு எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். படிக்கவும் பார்க்கவும் மட்டும் என்றால் கைபேசி ஓரளவு போதும். ஆய்வு என்பது பெறுவதோடு முடிவதில்லை, தருவதும் ஆகும். நாளுக்கு 1.5 ஜிகாபைட் என்னும் வரம்பில் என் ஒலிப்பதிவு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. சோத்கங்காவிலிருந்து ஓர் ஆய்வேட்டைப் பதிவிறக்கலாம். ஆனால் இணையவழி வாய்மொழித் தேர்வில் முகம் உறைந்து நிற்கும் மாணவருக்கு அந்த மலிவு உதவாது. வளாகத்துக்குள் வேகமான இணைப்பு உண்டு. ஆனால் நூலகம் மூடிய பிறகு, ஊருக்குத் திரும்பிய விடுமுறையில், திருமணமாகிக் குழந்தையுடன் வீட்டிலிருந்து ஆய்வைத் தொடரும் தோழியர்க்கு வீட்டு இணைப்பே நூலகம்.

பதிவேற்ற வேகத்தை இழை தடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீடுகளுக்கு வரும் ஜிபான் அமைப்பில் ஒரு தடம் கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட்டும் மேல்நோக்கி 1.25 ஜிகாபிட்டும் தாங்கும். அதனை 32 வீடுகள் பகிர்ந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும், வீட்டுக்கு ஏறத்தாழ 39 மெகாபிட் பதிவேற்றம் வர இடமுண்டு. குறைவது பெரும்பாலும் வழங்குநர் வாங்கும் மேலிணைப்பின் அளவிலும், வகுத்துவைக்கும் கட்டணத் திட்டத்திலும்தான். சட்டமும் இங்கே மௌனமாக இருக்கிறது. 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட வரையறைப்படி இந்தியாவில் அகலப்பட்டை என்பது குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்கம். பதிவேற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2024 மார்ச்சில் 100 பதிவிறக்கம், 20 பதிவேற்றம் என்று நிர்ணயித்தது. நாமும் உடனே அந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. பதிவேற்றம் என்ற சொல்லாவது வரையறைக்குள் வரட்டும் என்கிறேன்.

கேரளம் 2023 ஜூன் 5 அன்று கேஃபோனைத் தொடங்கியபோது 299 ரூபாய்க்கு 20 மெகாபிட் என்று விலை வைத்தது. 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்றும் இலக்கு வைத்தது. அந்த இலக்கை எட்டுவது எளிதன்று. ஆயினும் யாருக்கு இலவசம், யாருக்கு என்ன விலை என்று பிரித்துச் சொன்னதில் ஒரு தெளிவு இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே மலிவு விலை என்று அறிவித்துவிட்டுப் பழுதுபார்க்கப் பணமில்லாமல் நிற்பதைவிட அது நேர்மையானது.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. ஒவ்வொரு கட்டணத் தாளிலும் குறைந்தபட்சப் பதிவிறக்க வேகமும் பதிவேற்ற வேகமும் வரம்புக்குப் பிந்தைய வேகமும், வரி சேர்த்த விலையோடு, தெலுங்கிலும் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். இணைப்பு இல்லாத நாள்களின் கட்டணம் கேட்காமலே கழிக்கப்பட வேண்டும். வாடகைக் கட்டடங்களில் ஒரே நிறுவனம் என்னும் நடைமுறை முடிவுக்கு வர வேண்டும். அரசு ஃபைபர்நெட் மீண்டும் உயிர்பெறுமாயின், பராமரிப்புச் செலவை மறைக்காத ஒரு விலையும், உதவித்தொகை பெறும் மாணவர் வீடுகளுக்கு வெளிப்படையான சலுகையும் வேண்டும்.

நண்பர்கள் ஒன்று செய்யலாம். ஒரு மாதம், நாள்தோறும் இரவு ஒன்பது மணிக்கு, உங்கள் பதிவேற்ற வேகத்தை அளந்து ஊர்ப் பெயரோடு குறித்து வையுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டா. சித்தூர், திருப்பதி ஊர்களிலிருந்து ஐம்பது பேரின் குறிப்புகள் சேர்ந்தால், ‘வரை’ என்பதற்கு இங்கே உண்மையில் என்ன பொருள் என்று நாமே எழுதிக் காட்டலாம். முறையிடச் செல்லும்போது கையில் அதுவாவது இருக்கும். முதல் முப்பது நாள்களின் குறிப்பை நான் இன்று இரவு தொடங்குகிறேன்.