வாணிப யாத்திரையும் வாய்மையும்

காவிரிக் கரையிலிருந்து வெளிநாடுகளுக்குச் சரக்குச் செல்வது புதிய செய்தியன்று. சரக்குக்கு உடையவரே கடல் கடந்து சென்று, வாங்குவோரை நேரிற் கண்டு விலை பேசுவதுதான் புதிது. கூறைநாட்டுப் புடவையும், நாச்சியார்கோவில் விளக்கும், சுவாமிமலைப் பஞ்சலோகத் திருமேனியும் அந்நிய நாடுகளுக்குப் பெரும்பாலும் பல கை மாறியே போகின்றன. செய்தவருக்குக் கூலியும் இடையில் நின்றவருக்கு லாபமும் என்ற நிலைமை ஒழிய வேண்டுமானால், நமது ஜில்லாவின் உற்பத்தியாளரும் வியாபாரிகளும் தாமே பிரயாணப்பட வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயம் இருக்க முடியாது.

ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குச் செல்ல விரும்பும் வியாபாரி, கப்பலையோ விமானத்தையோ பற்றி யோசிக்குமுன் ஒரு வாசலைக் கடந்தாக வேண்டும். சென்னை அண்ணா சாலையிலுள்ள அந்நாட்டுக் கான்ஸல் காரியாலயத்தில் நடைபெறும் விசாப் பேட்டியே அந்த வாசல். மயிலாடுதுறையிலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் இரவு முழுதும் ரயிலில் பிரயாணம் செய்து, வரிசையில் நின்று, ஜன்னலண்டை போய்ச் சேர்ந்தால், அங்கே பேச்சு நடப்பது சில நிமிஷங்களே. அந்தச் சில நிமிஷங்களுக்காக நம்மவர்கள் செய்துகொள்ளும் ஆயத்தம் எத்தகையது என்பதே இன்று நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஊருக்கு ஊர் தரகர்கள் தோன்றியிருக்கிறார்கள். கேள்வி இன்னதென்றும், பதில் இன்னதென்றும் எழுதிக் கொடுத்து உருப்போடச் சொல்கிறார்கள். பாங்கிக் கணக்கில் ஒரு வாரத்துக்குக் கடன் பணத்தைப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். இல்லாத கம்பெனியின் பெயரால் அழைப்புக் கடிதம் தயாரித்துக் கொடுப்பவர்களும் உண்டு. "விசா நிச்சயம்" என்ற வாக்குறுதிக்குப் பெருந்தொகை பெறுகிறார்கள். இவ்வாக்குறுதியைக் கொடுக்க இவ்வுலகில் எந்தத் தரகருக்கும் அதிகாரமில்லை என்பதை நமது வாசகர்கள் முதலில் உணர வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன? 1952-ஆம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி, விசாக் கேட்டு வருபவர் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்றே முதலில் கருதப்படுகிறார். அவ்விதமன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரரையே சேர்ந்தது. ஆகையால்தான் உத்தியோகஸ்தர் ஊரையும், குடும்பத்தையும், தொழிலையும், நிலபுலன்களையும் பற்றிக் கேட்கிறார். திரும்பி வருவதற்கு இங்கே என்ன இருக்கிறது என்பதே அக்கேள்விகளுக்கெல்லாம் உட்பொருள். கடையும், தறியும், வயலும் உள்ள ஒருவர் இதைக் கேட்டு ஏன் நடுங்க வேண்டும்? உள்ளதை உள்ளபடி சொன்னால் அதுவே போதிய பதிலாகும்.

வியாபார நிமித்தம் செல்வோருக்குரிய பி-1 விசாவில் எது செய்யலாம், எது செய்யலாகாது என்பதையும் மனுதாரர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் பேசலாம், மகாநாடுகளுக்கும் கண்காட்சிகளுக்கும் போகலாம், இங்கே தயாராகும் சரக்குக்கு அங்கே ஆர்டர் பெறலாம். அங்கே வேலைக்கு அமர்வதோ, அந்நாட்டில் சம்பளம் பெறுவதோ கூடாது. மாதிரிப் புடவைகளைக் காட்டி ஆர்டர் வாங்குவது ஒன்று. மூட்டையாகக் கொண்டுபோய்க் கடைவிரித்து விற்பது முற்றிலும் வேறொன்று. இவ்வேற்றுமையை அறியாதவர் உண்மையான வியாபாரியாக இருந்தும் ஒரு சொல்லால் தம் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்.

ஆயத்தம் என்பது உருப்போடுவதன்று. யாரைக் காணப் போகிறோம், எதற்காக, எத்தனை நாள், செலவு யாருடையது, திரும்பி வந்து செய்யவேண்டிய வேலை யாது என்ற ஐந்துக்கும் தம் சொந்த வார்த்தையில் சுருக்கமாகப் பதில் சொல்லக் கற்பதே ஆயத்தம். டி.எஸ். 160 என்ற மனுவில் எழுதியதும் வாயாற் சொல்வதும் ஒத்திருக்க வேண்டும். அம்மனுவைப் பூர்த்தி செய்யப் பிறர் உதவினாரா என்ற கேள்வி அதிலேயே இருக்கிறது. உதவியிருந்தால் அதையும் மறைக்கலாகாது. அழைப்புக் கடிதம், வாங்குவோருடன் நடந்த கடிதப் போக்குவரத்து, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், ஜி.எஸ்.டி., வருமான வரிப் பத்திரங்கள் ஆகியவற்றை ஒழுங்காக அடுக்கி எடுத்துச் செல்வது நலம். உத்தியோகஸ்தர் அவற்றைப் பாராமலே முடிவு கூறவும் கூடும். ஆதலால் காகிதக் கட்டைவிட வாய்ச்சொல்லே பிரதானம். ஆங்கிலம் தடுமாறுமானால் தமிழிலேயே பேசலாம். அதற்கு அங்கே இடமுண்டு. தாய்மொழியில் நேராகப் பேசும் நெசவாளர், அரைகுறை ஆங்கிலத்தில் பிறர் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பவரைவிட எவ்வளவோ மேலானவர்.

கோர்ட்டுகளின் அநுபவம் நம்மவர்களுக்குப் புதிதன்று. பாடம் சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சி முதல் விசாரணையில் முழங்குவான். குறுக்கு விசாரணையில் மூன்றாவது கேள்விக்கு விழிப்பான். விசாப் பேட்டியும் அத்தகையதே. வேற்றுமை என்னவெனில், இங்கே மேல் கோர்ட்டு இல்லை. 214(பி) பிரிவின்கீழ் மறுக்கப்பட்டால் அப்பீல் கிடையாது. 2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் 185 டாலராக உயர்த்தப்பட்ட மனுக் கட்டணமும் திரும்பாது. ஆயினும் நிலைமை மாறியபின் மீண்டும் கட்டணம் செலுத்தி மனுச் செய்ய வழியுண்டு. பொய்யின் விளைவோ வேறு. முக்கியமான விஷயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால், அந்நாட்டில் நுழையும் தகுதியையே ஆயுள் முழுதும் இழக்க நேரிடலாம். தரகர் பணத்துடன் மறைந்துவிடுவார். தண்டனை வியாபாரியின் தலையில் விழும். அவருக்குப் பின் அதே ஊரிலிருந்து வரும் நேர்மையானவர் மீதும் சந்தேகத்தின் நிழல் படியும்.

இவ்வளவும் சொல்வதால், இன்றுள்ள ஏற்பாடு நியாயமானதென்று நாம் ஒப்புக்கொள்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1917-ஆம் வருஷத்துச் சட்டத்தால் இந்தியர் குடியேறுவதைத் தடுத்த நாடு அது. 1946-இல் தடையைத் தளர்த்தியபோதும் வருஷத்துக்கு 100 பேர் என்றே அளந்து கொடுத்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனால் சந்தேகத்தோடு நோக்கும் வழக்கம் முற்றும் போகவில்லை. அமெரிக்க வியாபாரி தம் வீட்டில் அமர்ந்தபடியே இணையத்தின் மூலம் இந்திய விசாப் பெறலாம். 2014-இல் தொடங்கிய இவ்வசதி 2017 முதல் வியாபாரத்துக்கென்று தனிப்பிரிவாகவும் நடந்து வருகிறது. நமது வியாபாரியோ காத்துக் கிடந்து, பிரயாணம் செய்து, சில நிமிஷங்களில் காரணம் விளங்காமலே திரும்ப நேரிடுகிறது. நாம் கேட்பது தயவன்று, சம மரியாதை. வர்த்தகப் பேச்சுக்களில் சுங்க வரியைப் பற்றி வாதாடும் நமது சர்க்கார், நாணயமான சிறு வியாபாரிகளின் பிரயாண வசதியைப் பற்றியும் அதே உறுதியுடன் வாதாட வேண்டும்.

அநீதியை எதிர்ப்பது வேறு, அதைப் பொய்யால் ஏய்ப்பது வேறு. இதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் நமது ஜில்லாவின் குலக்கொழுந்து ஒருத்தியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1913-இல் இந்தியப் பெண்கள் அநுமதிச் சீட்டின்றி எல்லை கடந்து பகிரங்கமாகச் சட்டத்தை மறுத்துச் சிறை புகுந்தார்கள். அப்போரில் சிறை சென்று, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்த வள்ளியம்மையின் பூர்விகம் தில்லையாடி. அவர்கள் கள்ளச் சீட்டுக் காட்டி நுழையவில்லை, செய்ததை மறைக்கவுமில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்கள் போலிக் கடிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பது நமக்கு அழகன்று.

தில்லையாடிக்கு அருகிலேயே தரங்கம்பாடி இருக்கிறது. 1620-இல் டென்மார்க்கிலிருந்து ஓவே கிட்டே என்பவர் தம் அரசரின் சார்பாக அங்கே வந்து, வியாபாரம் செய்ய அநுமதி வேண்டித் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் நின்றார். நாயக்கர் டென்மார்க்கு அரசருக்குத் தமிழில் தங்க ஓலையே அனுப்பினார். வந்தவரின் காரியத்தைக் கேட்டறிந்து வாசலைத் திறந்த மரபு நம்முடையது. அன்று அநுமதி கொடுத்த கரையிலிருந்து இன்று அநுமதி கேட்டுப் போகிறோம். கேட்பதில் இழிவில்லை, கெஞ்சுவதிலும் ஏமாற்றுவதிலுமே இழிவுண்டு.

2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி ஜில்லாவாயிற்று. ஜில்லா என்றால் கலெக்டர் காரியாலயக் கட்டடம் மட்டுமன்று. இங்குள்ள வர்த்தக சங்கங்கள் ஒன்றுகூடி, வெளிநாடு செல்லும் சிறு வியாபாரிகளுக்குத் தரகின்றி வழிகாட்டும் ஓர் அலுவலகத்தைத் தொடங்க வேண்டும். சென்னையில் தலைமையிடம் கொண்டுள்ள கைத்தறி ஏற்றுமதி வளர்ச்சி மன்றத்தாரை இங்கே வரவழைத்து வருஷந்தோறும் பயிற்சி முகாம் நடத்தச் செய்ய வேண்டும். முன்பே சென்று வந்தவர்கள் தம் அநுபவத்தைப் பிறருக்குச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தால் போதும்.

ஜன்னலுக்கு அப்பாலிருப்பவர் அநுமதிக்கலாம், மறுக்கலாம். அது அவருடைய அதிகாரம். இப்பால் நிற்பவர் தலை நிமிர்ந்து மெய் சொல்வது நம்முடைய அதிகாரம். அதை எந்தத் தரகருக்கும் விற்றுவிடலாகாதென்று நமது வியாபாரிகளை வற்புறுத்துகிறோம்.