அடுப்பில் பூத்த ஆம்பியும் உப்பளத்து வெயிலும்

பசித்த வீட்டின் அடையாளமாகக் காளான் நம் பழம்பாடல்கள் சிலவற்றில் இடம்பெறுகிறது. குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதைச் சொல்லி வருந்துகிறார் (புறநானூறு 164). சிறுபாணாற்றுப்படை காட்டும் வறிய அடுக்களையிலும் அதே ஆம்பி. காளானுக்கு அதுவே பழம்பெயர். அன்று இல்லாமையின் சின்னமாக நின்றது, இன்று உறையிலிட்டு விலைபோகும் சத்துணவு.

முத்துச்சிப்பிக்குப் பேர்போன தூத்துக்குடிக் கரையில் சிப்பிக் காளானுக்கும் இடம் உண்டு. தாமிரபரணிப் பாசனத்து வைக்கோல் அருகிலேயே கிடைக்கிறது. கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. நம் வெப்பத்தைத் தாங்கி வளரும் பால் காளானின் 'ஏ.பி.கே. 2' இரகம், 1998இல் பக்கத்து அருப்புக்கோட்டையிலிருந்துதான் வெளிவந்தது. ஆகவே காளான் வளர்ப்பது இங்கே புதுமையன்று. வளர்த்த காளானின் நற்சத்தைப் பெருக்குவது எப்படி, அதன் பயன் யாருக்கு என்பவையே நம் வினாக்கள்.

காளானில் எர்கோஸ்டிரால் என்னும் பொருள் இயல்பாகவே உண்டு. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டதும் அதில் ஒரு பகுதி வைட்டமின் டி2 ஆக மாறுகிறது. கதிர் பட்ட உணவு ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கும் ஆற்றல் பெறுவதை அமெரிக்காவில் ஸ்டீன்பாக் 1924இலேயே காட்டினார். வெயில் புகாத குடிலில் வளர்ந்த காளானில் இச்சத்து மிகக் குறைவு. பறித்தபின் நண்பகல் வெயிலில் கால் மணி முதல் இரண்டு மணி நேரம் வரை வைத்த மொட்டுக் காளானிலோ, 100 கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் டி2 உண்டாவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த நாளளவு 15 மைக்ரோகிராம். வெயில் கொழிக்கும் இந்நாட்டில் வைட்டமின் டி குறைபாடு மிகப் பரவலாக இருப்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும்.

சத்தைக் கூட்ட வேறு வழிகளும் உண்டு. வளர்ப்புப் படுக்கையில் செலினியம் சேர்த்தால் காளான் அதனை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியது. ஆய்வுக்கூடச் சோதனையின்றிக் குடிலில் செய்யத்தக்கதன்று. வெயிலுக்கு அத்தகைய செலவும் அச்சமும் இல்லை. கடல்நீரை உப்பாக்கவும் மீனைக் கருவாடாக்கவும் வெயிலைப் பயன்படுத்தத் தெரிந்த ஊருக்கு இதைக் கற்பிக்க வேண்டுவதும் இல்லை.

இடர்ப்பாடு ஒன்றுண்டு. காளானில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு நீர். வெயிலில் வைத்தால் எடை குறையும், வாடும். எடைக்கு விற்கும் பெண்ணுக்கு அது நேரடி இழப்பு. சத்து வாங்குபவருக்கு, நட்டம் வளர்ப்பவருக்கு என்றால் எந்த அறிவுரையும் நிலைக்காது. எனவே வெயில் காட்டிய காளானுக்குத் தனி விலை வேண்டும். மாலையில் விற்காமல் மீந்ததை மறுநாள் அழுகவிடாமல் உலர்த்தி, காற்றுப் புகாமல் அடைத்து விற்கலாம். இழப்பும் குறையும், சத்தும் கூடும். எந்தப் பருவத்தில் எத்தனை நிமிடம் வெயில் வேண்டும் என்பதை நம் வேளாண் கல்லூரிகள் இந்த ஊர் வெயிலிலேயே அளந்து, காளான் பயிற்சியில் ஒரு பாடமாக்க வேண்டும்.

மிகைக்கூற்றும் வேண்டா. டி2, உடலில் டி3 அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை. குறைபாடு முற்றியவருக்கு மருத்துவமே வழி. காளான் உணவேயன்றி மருந்தன்று. புற்றுநோய் தீர்க்கும் என்று காளான் பொடியைக் குப்பியில் அடைத்து விற்போர் பக்கம் நாம் சேர வேண்டியதில்லை.

வீட்டில் செய்வது எளிது. உறையிலிருந்து எடுத்து, செதில் போன்ற அடிப்பக்கம் மேல்நோக்க, தட்டில் பரப்பி, உச்சிவெயிலில் அரைமணி நேரம் வையுங்கள். கண்ணாடிச் சன்னலுக்குள் வைத்தால் பயனில்லை. இக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

அணைந்த அடுப்பில் முளைத்த ஆம்பியை எரியும் அடுப்புக்குக் கொண்டுவந்திருக்கிறோம். நடுவில் சற்று நேரம் அது வெயில் காயட்டும். அந்த வெயிலுக்கான கூலி, வளர்த்தவள் கைக்கும் போய்ச் சேரட்டும்.