‘உடையாத சீல்’: ஒரு மறுப்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுதுபார்ப்போர் உலகில் ஓர் அடைமொழி நெடுநாட்களாக நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ‘உடையாத சீல்’ என்பது அது. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் ரோட்டரி எஞ்சினைப் பிரிக்கத் துணிந்த எவரும் அதைச் சந்திக்காமல் தப்பியதில்லை. தொழிற்சாலை தரும் சீல் நொறுங்குகிறது, எங்கள் சீல் நொறுங்குவதில்லை, ஆகவே எங்களுடையதே சரியான மாற்று என்பது விற்போர் வாதம். முதலிரண்டு கூற்றுகளில் உண்மை இருக்கக்கூடும். மூன்றாவதாக வரும் அந்த ‘ஆகவே’யைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம். அடைமொழிகளைச் சந்தேகிக்கப் பழகிய இலக்கிய வாசகர்கள் ஓர் இயந்திரத்தின் பொருட்டும் அந்தப் பழக்கத்தைக் கைவிடாதிருப்பது நல்லது.

முதலில் பொருள் இன்னதென்று விளங்கிக்கொள்வோம். ரோட்டரி எஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவில், இடையில் சற்றே ஒடுங்கிய ஓர் அறைக்குள், புடைத்த பக்கங்கள் கொண்ட முக்கோணச் சுழலி ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் வெட்டப்பட்ட பள்ளங்களில் அமர்ந்து, அறைச் சுவரைத் தொட்டபடியே ஓடும் மெல்லிய உலோகப் பட்டைதான் அபெக்ஸ் சீல். 1985 வரையிலான ஆர்எக்ஸ்-7 எஞ்சின்களில் அதன் தடிப்பு 3 மி.மீ. 1986 முதல் ஆர்எக்ஸ்-7இல் 2 மி.மீ. பிஸ்டனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளையங்கள் உண்டு. ஒன்று சோர்ந்தால் மற்றொன்று ஓரளவு தாங்கும். சுழலியின் முனைக்கோ ஒரே சீல். அது தன் இருபுறமும் உள்ள இரண்டு அறைகளையும் பிரித்துக் காக்கிறது. ஆகையால் ஒரு சீல் உடைந்தால் மூன்று அறைகளில் இரண்டு அழுத்தம் இழக்கின்றன. உடைந்த துண்டு சுவரைக் கீறிக்கொண்டு புகைவழியே வெளியேறி, டர்போ இருந்தால் அதன் சக்கரத்தையும் பதம் பார்த்துவிட்டுப் போகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் ‘வலுவானதைப் போடு’ என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இந்தச் சீலின் வரலாறே அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சியாக நிற்கிறது.

பெலிக்ஸ் வாங்கலின் கருத்தை எஞ்சினாக்கிய ஜெர்மானிய நிறுவனம் என்எஸ்யு. அது 1967இல் ஆர்ஓ 80 காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த கார் என்னும் விருது கிடைத்தது. விருது வந்த வேகத்திலேயே தேய்ந்த சீல்களோடு எஞ்சின்களும் திரும்பி வந்தன. உத்தரவாதத்தின் பேரில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே நலிந்த அந்நிறுவனம் 1969இல் ஃபோக்ஸ்வாகன் வசம் போயிற்று. அதே காலத்தில் ஹிரோஷிமாவில் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பொறியாளர்கள் இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். அறைச் சுவரின் குரோம் முலாமில் வரிவரியாகத் தழும்புகள் விழுந்தன. ‘பேயின் நகக்கீறல்’ என்று அவற்றுக்கு அவர்கள் பெயரிட்டனர்.

கீறல் விழுந்தால் சீலை இன்னும் கடினமாக்குவோம், சுவரை இன்னும் கடினமாக்குவோம் என்றுதான் எவரும் தொடங்குவர். அவர்கள் கண்டுகொண்டது வேறொன்று. சுவரில் உரசும்போது சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் அதிர்கிறது. அந்த அதிர்வே சுவரைக் கொத்துகிறது. முனையருகே துளையிட்டு அதிர்வெண்ணை மாற்றியதும் கீறல் நின்றது. 1967இல் விற்பனைக்கு வந்த காஸ்மோ ஸ்போர்ட் காரில் அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் இடம்பெற்றது. பின்னாளில் விளிம்பு மட்டும் எலெக்ட்ரான் கற்றையால் கடினமாக்கப்பட்ட வார்ப்பிரும்புச் சீலுக்கு மாஸ்டா மாறியது. இவற்றில் எதையும் ‘உடையாதது’ என்று சொல்ல முடியாது. கார்பன் உடையும், வார்ப்பிரும்பும் உடையும். எனினும் அவை தேர்ந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம் உண்டு. எதிரே இருக்கும் சுவரோடு ஒத்துப்போய், அதைத் தேய்க்காமல் தானும் மிகுதியாகத் தேயாமல் அவை ஓடின.

இதுவே நம் வாதத்தின் மையம். சீல் தனிப்பொருள் அன்று. ஒரு சோடியின் பாதி. மறுபாதி அறைச் சுவர். அலுமினிய வார்ப்பின் உட்புறம் எஃகுத் தகடு, அதன்மேல் மெல்லிய கடின குரோம் முலாம் என்பது அச்சுவரின் அமைப்பு. இயக்கத்தின்போது ஒரு சிறு பம்பு எஞ்சின் எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக அறைக்குள் செலுத்தி இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு படலத்தைக் காக்கிறது. ‘இந்தச் சீல் வலுவானதா?’ என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. ‘எதனோடு உரசும்போது, எந்த எண்ணெயில், எந்த வெப்பத்தில்?’ என்று கேட்டால்தான் விடை பிறக்கும். சுவர் எது என்று வினவாமலே சீலை விற்பவர் பாதிச் சோடியை விற்கிறார். மறுபாதி வாங்குபவரின் தலையில் விழுகிறது.

எதிர்த்தரப்பின் சிறந்த வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். டர்போ எஞ்சினில் எரிபொருள் கலவை மெலிந்தோ தீப்பொறி முந்தியோ நாக்கிங் எழும்போது வார்ப்பிரும்புச் சீல் நொறுங்கிச் சுவரையும் டர்போவையும் கெடுக்கும். மென்மையான எஃகுச் சீலோ வளையும், துண்டாகாது, சுவர் பிழைக்கும். மறுக்க முடியாத வாதம்தான். பந்தயத்துக்காக எஞ்சினை ஒவ்வொரு பருவத்திலும் பிரிப்பவருக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் சாலையில் ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவருக்கு அது முழு உண்மை ஆகாது. வளைந்த சீலும் அழுத்தத்தை இழக்கத்தான் செய்கிறது. எஞ்சினை மறுபடி பிரித்தே ஆகவேண்டும். நாக்கிங்கோ அங்கேயே இருக்கிறது. மேலும், பொருந்தாத உலோகம் ஒவ்வொரு சுற்றிலும் குரோமைச் சிறுகச் சிறுகத் தின்னுமானால், ஒரு நாள் நேரக்கூடிய விபத்திலிருந்து காத்த சுவரை நாள்தோறும் இழந்துகொண்டிருக்கிறோம்.

பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிடும் வீடுகள் நமக்குத் தெரியும். அபெக்ஸ் சீல் பியூஸாக வடிவமைக்கப்பட்டதன்று. ஆனால் இரண்டிலும் செயல்படும் மனம் ஒன்றே. நோயைச் சொன்ன உறுப்பை வாயடைத்துவிட்டு நோய் தீர்ந்ததென்று நம்பும் மனம் அது.

அடுத்து லெ மான்ஸ் சான்று. 1991இல் மாஸ்டா 787பி கார் 362 சுற்றுகள் ஓடி 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. அதன் நான்கு சுழலி எஞ்சினில் பீங்கான் வகைச் சீல்கள் இருந்தன. ஆகவே பீங்கானே உயர்ந்தது என்கிறார்கள். மறுபடியும் அதே ‘ஆகவே’. அந்த எஞ்சினில் சுவரும் சாதாரண குரோம் அன்று; சீலுக்கேற்ப செர்மெட் பூச்சு பூசப்பட்டிருந்தது. டர்போ கிடையாது. ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று தீப்பொறிச் செருகிகள். ஒரு முழுமையிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் கழற்றி வேறோர் எஞ்சினில் செருகி, அதே வெற்றியை எதிர்பார்ப்பது அறிவியலாகாது. மாஸ்டா 2023இல் எம்எக்ஸ்-30 காருக்காக ரோட்டரி எஞ்சினை மீண்டும் கொண்டுவந்தபோதும் சீலின் தடிப்பை 2.5 மி.மீ. ஆக்கியதோடு நிற்கவில்லை, சுவரின் முலாமையும் சேர்த்தே மாற்றியது. செய்பவர்களுக்குச் சோடியின் பொருள் தெரிந்திருக்கிறது. விற்பவர்கள்தாம் அதை மறக்கடிக்கிறார்கள்.

இவ்வளவு சொல்வதால் ‘கம்பெனி உதிரிபாகமே வேதம்’ என்னும் கட்சியில் நம்மைச் சேர்த்துவிட வேண்டாம். அதுவும் சிந்திக்காமல் இருக்க உதவும் இன்னோர் அடைமொழியே. தேய்ந்து அகன்ற பள்ளத்தில் அசல் சீலைச் செருகினாலும் அது சாய்ந்து ஆடத்தான் செய்யும். முலாம் உரிந்த சுவரில் எந்த நிறுவனத்தின் முத்திரையும் ஓட்டையை அடைக்காது. பெட்டியின் மேலிருக்கும் பெயர் அளவுகோலுக்கு மாற்றாகாது.

சரியான சீலைத் தேடுவது கடையில் தொடங்கும் வேலையன்று. பிரித்த எஞ்சினின் முன் தொடங்குகிறது. முதலில் பழைய சீல் ஏன் போயிற்று என்று கேட்க வேண்டும். நொறுங்கியதா, சீராகத் தேய்ந்ததா, நடுவில் மட்டும் குழிந்ததா? ஒவ்வொன்றும் வெவ்வேறு வரலாற்றைச் சொல்லும். பிறகு சுவரின் முலாம், குறிப்பாக ஓரங்களில் உரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்தின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். வரம்பைத் தாண்டியிருந்தால் சுழலியை மாற்றுவதோ, பள்ளத்தை 3 மி.மீ. சீலுக்கேற்ப வெட்டுவதோதான் வழி. இரட்டைச் சுழலி 13பி எஞ்சினில் அபெக்ஸ் சீல்கள் ஆறு என்றால், பக்கச் சீல்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் அரத்தால் ராவி 0.05 முதல் 0.15 மி.மீ. வரையிலான இடைவெளிக்குள் கொண்டுவர வேண்டும். எண்ணெய் பம்பைக் கழற்றியிருந்தால் பெட்ரோலில் எண்ணெய் கலக்கப்படுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகே எந்தச் சீல் என்ற கேள்விக்கு இடமுண்டு. அப்போது கேள்வி மிகச் சிறியதாகியிருக்கும். விடை பெரும்பாலும் அளவுகளுக்குள்ளேயே தெரிந்துவிடும்.

இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 1978 முதல் 2002 வரை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7 கார்கள் உருவாயின. இனி ஒன்றுகூட உருவாகப்போவதில்லை. சீல் மலிவு; வாங்கிக்கொண்டே இருக்கலாம். சுவர் மலிவன்று, அதன் முலாமை மீண்டும் பூசுவது எந்தப் பட்டறையிலும் நடந்துவிடும் வேலையுமன்று. மிகையான ஓர் அடைமொழியை நம்பி அழிக்கப்படும் ஒவ்வொரு சுவரும் எஞ்சியிருப்பவற்றில் ஒன்றைக் குறைக்கிறது. அழித்த பின்னரும் பழி என்னவோ வடிவமைத்தவர் மீதுதான் விழுகிறது. ‘ரோட்டரி எஞ்சினே அப்படித்தான்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் 47 பேரின் உழைப்பு தள்ளுபடியாகிறது.

விற்போரிடம் நாம் வேண்டுவது அதிகமில்லை. ‘உடையாதது’ என்று எழுதும் அதே பெட்டியில் எந்த உலோகம், என்ன கடினத்தன்மை, எந்தச் சுவரில் எத்தனை மணிநேரம் ஓடியது, ஓடிய பின் அச்சுவரில் எவ்வளவு தேய்ந்தது என்பதையும் எழுதட்டும். எழுதத் துணிந்தவரிடம் வாங்கலாம். சீலின் ஆயுளைப் பற்றி மட்டும் பேசிச் சுவரைப் பற்றி வாய் திறக்காதவரிடம், விலை எவ்வளவு குறைவாயினும், வாங்க வேண்டாம்.