உலாவி பார்த்துத் திறக்கும் கதவு

பத்திரிகைச் சுதந்திரத்துக்கு 1766-லேயே சட்டம் போட்ட நாடு சுவீடன். அங்கே அஃப்டன்பிளாடெட் நாளிதழ் 1994-லேயே இணையத்துக்கு வந்துவிட்டது. ஆனால் 2000-களின் தொடக்கத்தில் அந்நாட்டுச் செய்தித் தளங்கள் பலவற்றை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாமல் திறந்தால் ஒரே கூத்து! மெனு விரியாது, படத்தின் மேல் எழுத்து ஏறி நிற்கும், வீடியோ ஓடாது. பக்கத்து நார்வேயில் பிறந்த ஓப்பராவுக்கும் அதே கதிதான்.

குற்றம் உலாவி மேல் இல்லை. எல்லா உலாவிகளுக்கும் பொதுவான ஹெச்.டி.எம்.எல். 4.01 தரம் 1999-லேயே வந்தாயிற்று. அதை விட்டுவிட்டு ஒரே உலாவியில் சோதித்துக் கடையைத் திறந்தார்கள். அந்த எக்ஸ்புளோரருக்கு 2022-ல் மைக்ரோசாப்டே மூடுவிழா நடத்திவிட்டது. இன்று குரோமில் மட்டும் சோதிப்பவர்களும் அதே தவறைத்தான் செய்கிறார்கள். இன்ன கடையில் வாங்கிய மூக்குக்கண்ணாடி போட்டவர் மட்டும்தான் பேப்பர் படிக்கலாம் என்றால், அப்புறம் சுதந்திரம் யாருக்கு?