சட்டம் யார் பக்கம்?

காஸா மக்கள் மீது இழைக்கப்பட்ட குற்றங்களுக்காக இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவைக் கைது செய்ய, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் ஆணை பிறப்பித்தது. அதற்குப் பதிலடியாக, 2025இல் அந்நீதிமன்றத்தின் நீதிபதிகள் மீதே அமெரிக்கா தடை விதித்தது. நீதிமன்றங்களை உழைக்கும் மக்கள் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற பழைய கேள்வி இதனால் மீண்டும் எழுந்துள்ளது. அந்நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளுள் ஒருவராக இருந்த டிரினிடாட் நாட்டு வழக்கறிஞர் கார்ல் ஹட்சன்-பிலிப்ஸின் வாழ்க்கை இக்கேள்வியின் மீது தெளிவான வெளிச்சம் பாய்ச்சுகிறது.

1933இல் பிறந்து, இங்கிலாந்தில் சட்டம் பயின்ற அவர், எரிக் வில்லியம்ஸ் தலைமையிலான மக்கள் தேசிய இயக்க அரசில் 1969இல் அட்டர்னி ஜெனரல் ஆனார். அங்கு அது அமைச்சர் பதவி. நாடு விடுதலை பெற்று ஏழாண்டுகள் ஆகியும் எண்ணெயும் சர்க்கரையும் வங்கிகளும் அந்நிய மூலதனத்தின் பிடியிலேயே இருந்தன. 1970 பிப்ரவரியில் இளைஞர்களும் தொழிலாளர்களும் வீதிக்கு வந்தனர். ஆப்பிரிக்க வம்சாவளியினர், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்கள் வாழும் கரும்பு வட்டாரமான கரோனிக்கு, ஒற்றுமை முழக்கத்துடன் மார்ச் 12 அன்று நடந்தே சென்றனர். கரும்புத் தொழிலாளர்களும் போராட்டத்தில் இணையவிருந்த ஏப்ரல் 21 அன்று அரசு நெருக்கடி நிலையை அறிவித்தது. மக்களை ஒடுக்க மறுத்து ராணுவத்தின் ஒரு பிரிவே கிளர்ந்தெழுந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹட்சன்-பிலிப்ஸ் பொது ஒழுங்கு மசோதாவைக் கொண்டுவந்தார். கூட்டம், ஊர்வலம், பேச்சு, நடமாட்டம் அனைத்துக்கும் விலங்கு பூட்டிய மசோதா அது. தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் ஒருசேர எதிர்த்தனர். செப்டம்பரில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. வீதி வென்றது. ஆனால், ஆளும் வர்க்கம் ஓய்ந்துவிடவில்லை. கைவிடப்பட்ட பிரிவுகளுள் பல, வேறு சட்டங்களின் திருத்தங்களாகப் பின்னர் பகுதி பகுதியாகத் திரும்பி வந்தன. உபா சட்டத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் விசாரணையின்றிச் சிறையிலிருப்போரைக் காணும் நமக்கு இந்தத் தந்திரம் புதிதன்று.

பின்னர் வில்லியம்ஸுடன் முரண்பட்டு அவர் தொடங்கிய கட்சி, 1981 தேர்தலில் 20 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகள் பெற்றும் ஓரிடமும் வெல்லவில்லை.

அடுத்த அத்தியாயம் கிரெனடா. 1979 புரட்சியின் தலைவர் மாரிஸ் பிஷப்பை, அவரது கட்சிக்குள்ளேயே எழுந்த பிளவு 1983 அக்டோபர் 19 அன்று பலிகொண்டது. ஆறே நாட்களில் அமெரிக்கப் படைகள் அத்தீவில் இறங்கின. உட்கட்சி ஜனநாயகம் சிதைந்தால் எதிரிக்கு வாயில் திறக்கும் என்ற கசப்பான பாடத்தை இடதுசாரிகள் மறக்கலாகாது. பிஷப் கொலை வழக்கில் அரசுத் தரப்பை வழிநடத்தியவர் ஹட்சன்-பிலிப்ஸ். 1986 டிசம்பரில் 14 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் பின்னர் கண்டித்தது. ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டிருந்த அத்தண்டனை செல்லாது என 2007இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பிஷப்பைக் கொன்றோர் கூண்டில் நின்றனர். சின்னஞ்சிறு நாட்டின் மீது படையெடுத்தோரை விசாரிக்க எந்த நீதிமன்றமும் கூடவில்லை.

2003 முதல் 2007 வரை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் பணியாற்றிய அவரிடம், 2010இல் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் ஒரு பொறுப்பை ஒப்படைத்தது. காஸாவுக்கு நிவாரணப் பொருட்களுடன் சென்ற கப்பல்களை மே 31 அன்று இஸ்ரேலியப் படையினர் தாக்கி ஒன்பது பேரைக் கொன்றது குறித்து விசாரித்த குழுவுக்கு அவரே தலைவர். காஸா முற்றுகை சட்டவிரோதமானது, தாக்குதல் ஏற்க முடியாத கொடூரம் நிறைந்தது என அக்குழு ஐயத்திற்கிடமின்றி எழுதியது. கவுன்சிலில் 30 நாடுகள் அறிக்கையை ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. 2014 ஜனவரியில் ஹட்சன்-பிலிப்ஸ் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர், போர்க்குற்றம் நடந்ததாக நம்ப அடிப்படை உண்டு எனக் கூறிவிட்டு, விசாரிக்கும் அளவுக்குப் பெரிதல்ல என்று கோப்பை மூடினார்.

மக்களை ஒடுக்க மசோதா எழுதிய அதே கைதான் நாற்பதாண்டுகளுக்குப் பின் காஸா முற்றுகையைச் சட்டவிரோதம் என எழுதியது. அந்த மசோதாவை மக்கள் எழுச்சி முறியடித்தது. பின்னால் நிற்கப் போதிய வலிமை இல்லாததால் காஸா அறிக்கை முடங்கியது. சட்டப் போரைக் கைவிடுவது தவறு. அதை மட்டுமே நம்பியிருப்பது அதனினும் தவறு. பாலஸ்தீன மக்களுக்காக வீதியில் எழும் ஒவ்வொரு குரலும் ஹேக் நகரின் ஆணைக்கு வலுச் சேர்க்கும். நம் நாட்டின் கறுப்புச் சட்டங்களுக்கு எதிரான வழக்குகளுக்கும் இது பொருந்தும். அந்த வலிமையைத் திரட்டுவதே நம் கடமை.